மிதக்கும் பொய் ஈயும் காட்டுக்கோழி இறகும்

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் வந்தபோது, "இந்தத் தடவை கல்வெட்டு வேண்டாம், நம்ம கடைச் சரக்கைப் பத்தியே எழுதறேன்" என்றேன். சிரித்தார். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அடியேன் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். மும்பையில் செருப்படிக்கான ரப்பர், ஃபோம் ஷீட் வியாபாரம். சில ஆண்டுகளுக்கு முன் குலுப் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு ஷீட் வாங்கிப் போனார். அடுத்த முறை வந்தபோது, "செருப்பு இவ்வளவு மெல்லிசா தைக்க முடியாதே, எதுக்கு?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பியை எடுத்துத் திறந்தார். உள்ளே எறும்பு மாதிரி ஒன்று. அடியில் கூர்மையான தூண்டில் முள்!

டிரவுட் என்னும் குளிர்நீர் மீன், ஆற்றின் மேல் விழும் பூச்சிகளைத் தின்னும். அந்தப் பூச்சியைப் போல முள்ளில் நூலும் இறகும் கட்டி ஏமாற்றுவது பழைய கலை. கி.பி. 200ஐ ஒட்டி ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் மெழுகு நிற இறகுகள் இரண்டைக் கட்டி மீன் பிடித்ததைக் குறித்திருக்கிறார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று, பன்னிரண்டு வகைப் பொய் ஈக்களைச் சொல்கிறது. 1886இல் ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்ட் மிதக்கும் ஈக்களுக்கென்றே தனி நூல் வெளியிட்டார். நீரில் மூழ்காமல் மேலேயே நிற்கும் இவ்வகைக்கு 'டிரை ஃப்ளை' என்று பெயர். சேவல் கழுத்தின் விறைப்பான இறகை முள்ளைச் சுற்றிச் சுருட்டினால், அந்த இழைகளின் நுனியில் ஈ நிற்கும். ஆனால் நனைந்தால் அமிழ்ந்துவிடும். எண்ணெய் தடவ வேண்டும், அடிக்கடி உலர்த்த வேண்டும்.

இங்கேதான் நம் கடைச் சரக்கு வருகிறது. குளியல் பஞ்சின் அறைகள் திறந்தவை, தண்ணீரைக் குடிக்கும். நாங்கள் விற்கும் ஃபோமில் ஒவ்வொரு அறையும் மூடியது. உள்ளே காற்று, தண்ணீர் புகாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிரீன் ஆற்றங்கரையில் பெயர்பெற்ற 'செர்னோபில் எறும்பு' இந்த வகைதான். 1986 அணு உலை விபத்தை நினைவூட்டும் பெயர்.

கட்டும் முறையையும் அவரே காட்டினார். முள்ளைச் சிறு வைஸில் பிடித்து, முதலில் நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஃபோம் வழுக்கிச் சுழலும். பிறகு முள்ளின் வாயளவுக்கு ஃபோமை நாடாவாக வெட்டி, வால்பக்கம் கட்டி, முன்னால் மடித்து, இடுப்பு வருமிடத்தில் இறுக்கணும். ரொம்ப இழுத்தால் நூல் ஃபோமை அறுத்துவிடும். பக்கத்துக்கு இரண்டாக ரப்பர் கால்கள், முடிச்சு, ஒரு சொட்டுப் பசை. அவ்வளவுதான்.

"இறகே வேண்டாம்" என்றார் அவர். அந்தச் சொல் என்னைப் பழைய கதைக்குள் இழுத்தது. நம் மேற்கு மலைத் தொடரில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்து இறகில் மெழுகுத் துளிபோல் மஞ்சள் புள்ளி உண்டு. சால்மன் மீனுக்கான ஆங்கிலேய ஈக்களில் அந்தப் புள்ளிக்கு ஏகப்பட்ட மதிப்பு. அதற்காகக் கழுத்துத் தோல் தோலாக இங்கிருந்து கப்பலேறியது. 1960களின் பிற்பகுதியில் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடுத்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது மகன் விடவில்லை. "அப்பா, அப்போ ஃபோம்தானே கோழியைக் காப்பாத்துச்சு? நாம விக்கறது புண்ணியம்தானே?" கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. ஏற்றுமதித் தடை முந்தியது. ஃபோம் எறும்பின் புகழ் பிந்தியது. தவிர, காட்டுக்கோழி இறகு அழகுக்காகக் கட்டியது, மிதக்க வைக்க அல்ல. ஃபோம் விலக்கியது கார்க்கையும், மானின் உள்ளீடற்ற முடியையும், எண்ணெய் தடவிய சேவல் இறகையும்தான். கோழியைக் காத்தது சட்டம். வியாபாரிக்குச் சாதகமாக வரலாற்றைத் திருத்தக் கூடாது.

மனைவி கேட்டாள்: "ஏங்க, கோழி சரி. மீனு?" பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவோரும் உண்டு என்றேன். "வாயில குத்தித்தானே விடறாங்க?" என்றாள். பதில் வரவில்லை. எங்கள் அருங்கலச்செப்பு இல்லறத்தார்க்குச் சொல்லும் விலக்குகளில், கொலைக் கருவியைப் பிறர்க்குக் கொடுப்பதும் ஒன்று. ஷீட் கருவியா, முள் மட்டும்தான் கருவியா என்று இரண்டு நாள் எனக்குள் வாதாடினேன். தெரியாமல் விற்றது ஒரு கணக்கு. தெரிந்து விற்பது வேறு கணக்கு.

மூன்றாம் முறை அவர் போன் செய்தபோது, "ஐயா, இதுக்கு மட்டும் என்கிட்ட வேணாம்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு கடையில் வாங்கியிருப்பார். ஆற்றில் ஒரு மீனும் இதனால் தப்பியிருக்காது. நான் விற்கும் மற்ற ஷீட்டெல்லாம் எங்கே போகிறதென்றும் எனக்கு முழுதாகத் தெரியாது. ஆகவே இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அன்று அவர் கொடுத்துப்போன எறும்பு ஒன்று மட்டும் கல்லாப் பெட்டியில் இருக்கிறது. குறடால் முள்ளை நறுக்கிவிட்டேன். பேத்தி வந்தால் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு விளையாடுவாள். நன்றாகவே மிதக்கிறது.