ஒரு பென்னிக்குப் போன மானம்



"சேர், இவ்வளவு காலம் லண்டனில் இருக்கிறீர்கள், அந்த ஊர்ச் சரித்திரத்தைப் பற்றி ஒன்றும் எழுதுகிறீர்கள் இல்லையே" என்று போன கிழமை ஒருத்தி கேட்டிருந்தாள். எழுதுகிறேன். ஆனால் அரண்மனையையும் கோபுரத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். இன்றைக்குப் பாடம் பொது மலசலகூடம். சாப்பிட்டுக்கொண்டு போனைப் பார்க்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வாருங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தேன். 77 வயதில் வெட்கப்பட்டு என்ன காணப்போகிறேன்.

இந்த மாசி மாதம் ஒரு நாள், தபால்கந்தோர் அலுவலாகக் கடைத்தெருவுக்குப் போனேன். முதியவர்களுக்கு இங்கே பஸ் இலவசம். அந்தப் பாஸைக் கையில் வைத்திருந்தால் லண்டனைச் சுற்றலாம். எனக்குச் சீனி வருத்தம் பதினாறு வருடமாக இருக்கிறது. அதோடு இந்த வயது ஆண்களுக்கு வருகிற மற்றத் தொல்லையும் உண்டு. அடக்கி வைத்திருக்கும் காலம் எல்லாம் போய்விட்டது. கடைத்தெரு முனையில் நிலத்துக்குக் கீழே இறங்கிப் போகும் பழைய மலசலகூடம் ஒன்று இருந்தது. நான் வந்த புதிதில் அது திறந்திருந்தது, ஒரு மனிதர் வாளியோடு நிற்பார். இப்போது இரும்புக் கதவும் பூட்டும்தான். படியெல்லாம் சருகு.

பக்கத்துக் கோப்பிக் கடைக்குள் போனேன். "வாடிக்கையாளருக்கு மட்டும்" என்று கதவில் எழுதியிருந்தது. கதவைத் திறக்கிற இலக்கம் பற்றுச்சீட்டில்தான் அடித்து வரும். எனக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அந்தப் பிள்ளையிடம் மெல்லமாகக் கேட்டேன். "சொறி, வரிசையில் நில்லுங்கள்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அது கடைக்காரன் சொல்லிக்கொடுத்த சொல். நானும் நின்றேன். என் முறை வருவதற்கு இரண்டு பேர் இருக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

நீளமான கறுப்புக் கோட் போட்டிருந்ததால் ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் இருக்க மனம் வரவில்லை. மூன்று கிலோமீற்றர் நடந்தே வீட்டுக்கு வந்தேன். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் உங்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற மனிதன்தான் அன்றைக்கு அப்படி நடந்து போனது.

மகளுக்குச் சொல்லவில்லை. ஆனால் உடுப்புத் தோய்க்கும் மெசின் அவளுடைய ராச்சியம், அவளுக்குத் தெரியாமல் போகாது. ஒன்றும் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து என் மேசையில் ஒரு பெரிய சாவி இருந்தது. அந்தச் சாவியின் கதைக்குப் பிறகு வருகிறேன். அன்றிலிருந்து நான் நூலகத்தில் போய் இருந்து வாசித்தது எல்லாம் இந்த ஒரு விசயத்தைத்தான். சரித்திர வாத்தியாருக்கு அடிபட்டால் அவன் எண்ணெய் பூசுவதில்லை, புத்தகத்தைத் திறப்பான்.

உலகத்துக்குப் பொதுக் கழிப்பிடத்தை ஒரு நாகரிகமாகக் காட்டிய நாடுகளில் இங்கிலாந்து முன்னுக்கு நின்றது. 1851இல் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி மாபெரும் கண்காட்சி வைத்தார்கள். வந்தவர்கள் அறுபது லட்சத்துக்கு மேல். ஜோர்ஜ் ஜெனிங்ஸ் என்ற குழாய் வேலைக்காரர் அங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவும் மலசலகூடங்களை அமைத்தார். ஒரு பென்னி கட்டினால் சுத்தமான இருக்கையும் துவாயும் சீப்பும் கிடைக்கும், சப்பாத்தும் துடைத்துவிடுவார்கள். 8,27,280 பேர் காசு கட்டிப் போனார்கள் என்று கணக்கு இருக்கிறது. எவ்வளவு அவசரமான அலுவல் என்றாலும் வெள்ளைக்காரன் கணக்கை விடமாட்டான் பாருங்கள். இன்றைக்கும் வயதான இங்கிலீசுக்காரர் மலசலகூடத்துக்குப் போகும்போது "ஒரு பென்னி செலவழித்துவிட்டு வருகிறேன்" என்றுதான் சொல்லுவார்.

அடுத்த வருடமே லண்டனில் ஆண்களுக்கு ஃப்ளீட் வீதியிலும் பெண்களுக்கு பெட்ஃபோட் வீதியிலும் திறந்து பார்த்தார்கள். "பொதுக் காத்திருப்பு அறை" என்று கௌரவமான பெயர் வைத்தார்கள். கூட்டம் வரவில்லை, அதிக நாள் நிலைக்கவில்லை. ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய நகரங்களின் சந்திகளில் எல்லாம் நிலத்துக்குக் கீழே வெள்ளை ஓடு பதித்து, பித்தளைக் குழாய் போட்டு, கோயில் மாதிரிக் கட்டிவிட்டார்கள். எங்கள் கடைத்தெருவில் பூட்டிக் கிடப்பதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இப்போது வகுப்பில் கவனமாக இருங்கள், பாடத்தின் நடு இதுதான். 1848ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் என்ன சொல்கிறது? உள்ளூர் சபை விரும்பினால் பொதுமக்களுக்கு மலசலகூடம் அமைக்கலாம். 1875ஆம் ஆண்டுச் சட்டம்? விரும்பினால் அமைக்கலாம். 1936ஆம் ஆண்டுச் சட்டம்? அதுவும் அமைக்கலாம். நீங்கள் தமிழ் இலக்கணம் படித்தவர்கள். "அமைக்கலாம்" என்பதற்கும் "அமைக்கவேண்டும்" என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். குப்பை எடுக்கவேண்டும். வீதியைப் பராமரிக்கவேண்டும். ஆதரவற்ற முதியவரைப் பார்க்கவேண்டும். இவையெல்லாம் உள்ளூராட்சி சபையின் கடமை. மலசலகூடம் மட்டும் "லாம்".

கையில் காசு இருந்த காலத்தில் அந்த "லாம்" ஒருவரையும் உறுத்தவில்லை. கழிப்பிடம் கட்டுவது நகரத்துக்குப் பெருமை என்று போட்டி போட்டுக் கட்டினார்கள். 2010க்குப் பிறகு மத்திய அரசு உள்ளூராட்சி சபைகளுக்குக் கொடுக்கும் பணத்தை வருடா வருடம் வெட்டத் தொடங்கியது. கணக்குப் பார்க்கிறவன் முதலில் எதை வெட்டுவான்? சட்டம் "வேண்டும்" என்றதை வெட்டினால் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள். "லாம்" என்றதை வெட்டினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, கடைக்குக் கட்டுகிற வரியைப் போல மலசலகூடத்துக்கும் இங்கே வரி இருந்தது. ஒரு காசும் உழைக்காத கட்டடத்துக்கு வரி! இங்கிலாந்தில் 2021இல்தான் ஒரு சட்டம் போட்டு, தனியாக நிற்கும் பொது மலசலகூடங்களுக்கு அதை நீக்கினார்கள். அதற்குள் எத்தனையோ பூட்டியாகிவிட்டது. சிலவற்றை விற்றும் விட்டார்கள். லண்டன் நடுப்பகுதியில் விக்டோரியா காலத்து மலசலகூடம் ஒன்று கோப்பிக் கடையாகிவிட்டது. ஆண்கள் நின்று போகும் பீங்கான் தொட்டிகளை அப்படியே வைத்து நடுவே பலகை போட்டு மேசையாக்கியிருக்கிறார்கள். அங்கே கோப்பி குடிக்க ஆட்கள் போகிறார்கள். எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

இன்னொரு துணையும் போய்விட்டது. 1909இல் ஒக்ஸ்போட் வீதியில் செல்ஃப்ரிட்ஜஸ் திறந்தபோது பெண்களுக்கு அங்கே மலசலகூடமும் சாப்பாட்டு அறையும் இருந்தன. பெரிய கடைகளின் மேல்மாடியில் அது வழமையாகிவிட்டது. ஒன்றும் வாங்காமல் ஏறிப் போய்விட்டு இறங்கி வரலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிஎச்எஸ் 2016இலும் டெபனம்ஸ் 2021இலும் கடைகளை மூடியபோது பத்திரிகைகள் வேலை இழந்தவர்களைப் பற்றி எழுதின, அது சரி. ஆனால் ஊருக்கு ஊர் அந்த மேல்மாடிக் கதவுகளும் சேர்ந்து மூடின என்பதைக் கிழவர்கள்தான் கவனித்தோம்.

காசு விசயத்தில் பெண்களுக்கு நடந்தது இன்னும் மோசம். தெருவோரம் ஆண்கள் நின்று போகும் இடம் பெரும்பாலும் இலவசம். கதவுள்ள அறைக்குத்தான் பென்னிப் பூட்டு. அப்படியென்றால் பெண் ஒவ்வொரு முறையும் கட்டவேண்டும். நான் சொன்ன 1936ஆம் ஆண்டுச் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருந்தது: கட்டணம் அறவிடலாம், ஆண்கள் நின்று போகும் தொட்டிகளுக்கு மட்டும் கூடாது. பின்னாளில்தான் அந்தச் சொற்களை எடுத்தார்கள்.

நாடகாசிரியர் பேர்னாட் ஷோவை உங்களுக்குத் தெரியும். அவர் லண்டனில் சென் பங்கிராஸ் பகுதியின் உள்ளூர்ச் சபையில் உறுப்பினராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1900ஐ ஒட்டி கம்டன் பகுதியில் பார்க் வீதியில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் கட்டவேண்டும் என்று பேச்சு வந்தது. அயலவர்கள் கொதித்து எழுந்தார்கள். காணி விலை இறங்கிவிடுமாம். இடம் பார்ப்பதற்காகத் தெருவில் மரத்தால் ஒரு மாதிரிக் கூடம் செய்து வைத்தார்கள். வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே அதில் மோதிக்கொண்டே இருந்தார்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று காட்டுவதற்கு! ஏழைப் பெண்ணுக்கு ஒரு பென்னியே எட்டாத காசு என்று ஷோ அந்தச் சபையில் வாதாடினார். அந்த இடத்தில் பெண்கள் கால்வைக்கச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பிறகு சுழல் கதவு என்றொரு சனியன் வந்தது. கர்ப்பிணிப் பெண்ணும், இரண்டு கையிலும் பை வைத்திருக்கும் பெண்ணும் அதற்குள் இறுகிக்கொள்வார்கள். பார்பரா காசில் என்ற தொழிற்கட்சிப் பெண் எம்.பி. அதற்கு எதிராக நாடாளுமன்றத்தில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். 1963இல் சுழல் கதவை அகற்றுவதற்கென்றே ஒரு தனிச் சட்டம் நிறைவேறியது. பெரிய ரயில் நிலையங்களில் கட்டணம் ஒழிந்தது 2019இல்தான். அதுவரை விக்டோரியா நிலையத்தில் 50 பென்ஸ் கொடுத்தோம். சில்லறை தேடிக் கை நடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒரு நாள் மனைவிக்குச் சொன்னேன். (உங்களில் பலருக்கு அவ சங்கீத ரீச்சர்.) நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரிச் சொல்ல, அவ வெங்காயம் உரித்தபடியே, "நான் கோயிலுக்குப் போகிற நாளில் விடியத் தேத்தண்ணீர் குடிக்கிறதில்லை, உங்களுக்குத் தெரியாதோ" என்றா. தெரியாது. ஐம்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. போன வருடம் அவவுக்குச் சலக்குழாயில் கிருமி வந்து காய்ச்சலாகக் கிடந்தபோது டொக்டர் கேட்ட முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதுதான். இங்கே பொதுச் சுகாதாரத்துக்கான ராயல் சொசைட்டி 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளியே போக வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதை வேண்டுமென்றே குறைக்கிறவர்கள் பாதிக்கு மேல். மலசலகூடம் இல்லாததால் நினைத்தபடி வெளியே போகாமல் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர். பஸ் பாஸை இலவசமாகக் கொடுத்துவிட்டு, இறங்கிய இடத்தில் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இங்கே டெலிவரி வான் ஓட்டும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்னோடு தொடர்பில் இருக்கிறார்கள். வானுக்குள் போத்தல் வைத்திருக்கும் கதையை அவர்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒழுங்கையில் போய் நின்றால் தண்டம் எழுதுவார்கள். போவதற்கு இடம் இல்லை, ஆனால் போகக்கூடாத இடத்தில் போனால் தண்டம்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வேல்ஸில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும் மலசலகூடங்களுக்கு ஒரு திட்டம் எழுதவேண்டும். கவனியுங்கள், எழுதவேண்டும். கட்டவேண்டும் என்று அங்கேயும் இல்லை. சில ஊர்களில் கடைக்காரர்களோடு பேசி, "உள்ளே வந்து போகலாம்" என்று கண்ணாடியில் ஒரு படம் ஒட்ட வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடை பூட்டினால் அதுவும் பூட்டு.

சாவிக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மலசலகூடங்களை நாடு முழுக்க ஒரே சாவியால் திறக்கும் ஏற்பாடு 1981இல் வந்தது. உடம்பில் இப்படிக் குறை உள்ளவர்களும் அந்தச் சாவியை வாங்கலாம். தலைப்பக்கம் பெரிதாக இருக்கும், நடுங்கும் கையாலும் பிடிக்க வசதி. மகள் அதைத்தான் வாங்கி வைத்திருந்தாள். அதைத் தொட எனக்கு ஒரு கிழமை பிடித்தது. தொட்டால் நான் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று இருந்தது. இப்போது வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கோட் பையில் கிடக்கிறது. முதன்முதலில் ஒரு நூலகத்தில் அதைப் போட்டுத் திருப்பினேன், கதவு திறந்தது. வெளியே வந்தபோது சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார அம்மா காத்திருந்தா. என் காலைப் பார்த்தா. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவ தன் சாவியை எடுத்துக் காட்டிச் சிரித்தா.

ஒன்று கேட்க வேண்டும், இது மாணவிகளுக்கு மட்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் மாமரத்துக்குப் பின்னால் பெண்பிள்ளைகளுக்கு இரண்டே இரண்டு மலசலகூடம் இருந்தது. ஒன்றுக்குக் கொளுக்கி இல்லை. நான் ஒழுக்க ஆசிரியராக இருந்த ஒன்பது வருடமும் அப்படித்தான் இருந்தது. இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் ஆண்பிள்ளைகள்தான் முண்டியடிப்பார்கள், நீங்கள் தள்ளி நிற்பீர்கள். அது உங்கள் அடக்கம் என்று நான் பெற்றோர் கூட்டத்தில் மெச்சிப் பேசியிருக்கிறேன். நீங்களும் ரீச்சர் மாதிரித் தண்ணீர் குடிக்காமல்தான் இருந்தீர்களா? வெட்கப்படாமல் எழுதுங்கள். எல்லாரும் பார்க்கிற இடத்தில் விருப்பம் இல்லாவிட்டால் தனியாக அனுப்புங்கள்.

வருகிற சனிக்கிழமை, இரண்டு பஸ் மாறி, கிழக்கு லண்டனில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிறோம். ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கிற பிள்ளைகள், வழியில் திறந்திருக்கிற இடம் ஏதாவது தெரிந்தால் கீழே எழுதிவிடுங்கள். ரீச்சர் அன்றைக்குக் காலையில் தேத்தண்ணீர் குடிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறா.