குதிரைமேல் வந்த சட்டம்

அதிகாரம் ஒருவன் கைக்கு வருவது பெரிதன்று. வந்த அதிகாரத்தை அவன் எவ்வாறு செலுத்தினான் என்பதே பெரிது. கனடாவின் வடமேற்குக் குதிரைப் பொலிஸ் படையில் 1873ஆம் ஆண்டு சேர்ந்து, 1903இல் ஓய்வு பெற்ற சாம் ஸ்டீலின் வாழ்க்கை இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

ஒன்ராறியோவிற் பிறந்த ஸ்டீல், பிரித்தானியக் கடற்படையில் கப்டனாக இருந்தவரின் மைந்தர். புதிய படையில் முதன்முதற் சேர்ந்தோருள் அவரும் ஒருவர். மதுவிற்று ஆதிக்குடிகளைச் சீரழித்த வியாபாரிகளை அடக்குதற்காக, 1874இல் ஏறத்தாழ முந்நூறு பேர் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். ஸ்டீல் சென்ற பிரிவு எட்மன்ரன் கோட்டையை அடையுமுன், களைத்து விழுந்த குதிரைகளை வீரர்களே தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

1887இல் அவர் கூட்டெனி நாட்டிற்கு அனுப்பப்பட்டார். வெள்ளையர் இருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தம் இனத்தவன் ஒருவனை, ஆதிக்குடித் தலைவர் இசடோர் சிறையிலிருந்து விடுவித்திருந்தார். போர் மூளுமோ என்று குடியேறியோர் அஞ்சினர். ஸ்டீல் துப்பாக்கியை நாடவில்லை. தலைவருடன் பொறுமையோடு பேசினார். சந்தேகிக்கப்பட்ட இருவரும் அவர் முன் கொண்டுவரப்பட்டனர். வழக்கை விசாரித்தார், போதிய சான்று இல்லையெனக் கண்டு விடுதலை செய்தார். அடுத்த ஆண்டு படை திரும்பியபோது அங்கே ஒரு வேட்டுத்தானும் தீர்க்கப்பட்டிருக்கவில்லை. அவ்வூர் இன்றும் ஸ்டீல் கோட்டை என்றே வழங்குகின்றது.

1898இல் குளொண்டைக் பொன்வேட்டையின்போது, மலைக்கணவாய்களின் காவல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓராண்டுக்குரிய உணவில்லாதார் எவரும் உள்ளே செல்லலாகாது என்ற விதி அங்கே கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. யூக்கோன் ஆற்றுச் சுழிகளிற் படகுகள் உடைந்தபோது, பெண்களும் பிள்ளைகளும் கரைவழியே நடக்கவேண்டும், தேர்ந்த படகோட்டியே படகைச் செலுத்தவேண்டும் என ஆணையிட்டார். சட்டப்புத்தகத்தில் அவ்வாணை இல்லை. ஆயினும் அது பல உயிர்களைக் காத்தது. எல்லைக்கப்பால் அமெரிக்கரின் ஸ்காக்வே நகரிலோ அப்போது கொள்ளைக் கூட்டத்தலைவன் ஒருவனே கோலோச்சினான். 1899இல் ஸ்டீல் பதவி மாற்றப்பட்டு டோசன் நகரை விட்டு நீங்கியபோது, ஆற்றங்கரையில் மக்கள் திரண்டு வழியனுப்பினர்.

பின்னர் தென்னாபிரிக்கப் போரிற் குதிரைப்படையொன்றை நடத்தினார். 1915இல் தம் நினைவுகளை நூலாக்கினார். 1918இல் சேர் பட்டம் பெற்று, 1919 ஜனவரி 30ஆந் திகதி இலண்டனிற் காலமானார்.

எனினும் வரலாற்றை ஒருபுறம் மட்டும் பார்த்தல் தகாது. கூட்டெனி மக்களுக்கு வழக்கில் நீதி கிடைத்தது, நிலத்தில் கிடைக்கவில்லை. இசடோர் உரிமை கோரிய புல்வெளி, ஜேம்ஸ் பேக்கர் என்னும் குடியேறியவரின் கைக்கே போயிற்று. அந்நிலத்திலேதான் இன்றைய கிரான்புறூக் நகரம் எழுந்தது. நேர்மையான ஓர் உத்தியோகத்தர் சட்டத்தைச் செம்மையாக நடத்தலாம். அச்சட்டமே ஒருபக்கஞ் சாய்ந்ததாயின், அவர் நேர்மை எவ்வளவு தூரந்தான் செல்லும்?

நாளை ஆசிரியராகவும், எழுதுவினைஞராகவும், நீதிபதியாகவும் பதவியேற்கவிருக்கும் இளைஞர்களே! ஸ்டீலின் பொறுமையையும் அஞ்சாமையையும் கைக்கொள்வோம். அத்துடன், நாம் நடத்தும் சட்டம் யாருக்காக ஆக்கப்பட்டது என்று கேட்கவும் பழகுவோம். இவ்விரண்டுஞ் சேர்ந்ததே முறைசெய்தல் ஆகும்.