சிறுமியரின் கருக்கலைப்பும் பெற்றோர் ஒப்புதலும்: அம்பாங் அறிந்த சட்ட வரலாறு

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்குகிறது. அதில் பெற்றோரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆயினும் அம்பாங் அரசு மருத்துவமனைக்கு வரும் பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணிடம் முதலில் பெற்றோரின் கையெழுத்துதான் கேட்கப்படும். இந்த நடைமுறை பல சட்டங்களின் வழியே சிறுகச் சிறுக உருவானது.

அம்பாங் அடங்கிய சிலாங்கூர், ஆங்கிலேயர் ஆண்ட ஐக்கிய மலாய் மாநிலங்களில் ஒன்று. அவற்றின் 1936ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றியது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்வது நீங்கலாகக் கருக்கலைப்புக்கு மூன்றாண்டு வரை சிறை. சிசு அசையத் தொடங்கியபின் ஏழாண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே. அவளுக்கு வயது பதினான்கா நாற்பதா என்று சட்டம் பார்க்கவில்லை.

இந்தியா 1971இல் கருக்கலைப்புக்கு வழிவிட்டபோது, பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பாதுகாவலரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. மலேசியா அப்படிச் செய்யவில்லை. 1989ஆம் ஆண்டுத் திருத்தம், பெண்ணின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கர்ப்பத்தால் வரும் கேடு அதிகம் என நல்லெண்ணத்தோடு கருதும் பதிவுபெற்ற மருத்துவர் கருவைக் கலைக்கலாம் என்றது. வார வரம்பையோ பெண்ணின் வயதையோ அது குறிப்பிடவில்லை.

பெற்றோர் ஒப்புதலுக்கு அடிப்படை, பதினெட்டைச் சட்டப் பருவமாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டம். பெற்றோருக்குள்ளும் நெடுங்காலம் தந்தையின் உரிமையே முன்னின்றது. பாதுகாவலர் சட்டம் 1999இல் திருத்தப்பட்ட பிறகே முஸ்லிம் அல்லாத தாய்க்குச் சம உரிமை கிடைத்தது. மகளின் நிலையைப் பெரும்பாலும் முதலில் அறிபவள் தாய் என்பதால், இது மிகத் தாமதமாக வந்த நீதி. சுகாதார அமைச்சின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, அரசு மருத்துவமனைகளில் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவை என வரையறுத்தது.

இதோடு இன்னொரு கடமையும் சேர்ந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியுடன் உறவு கொள்வது, அவள் இசைந்திருந்தாலும், வன்புணர்ச்சி. குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானதாக மருத்துவர் நம்பினால், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி சிறார் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அவருக்கே தண்டனை. சிறுமியைக் காக்க எழுந்த ஏற்பாடு இது. ஆனால் வீட்டுக்கும் போலீஸுக்கும் அஞ்சுகிற சிறுமி மருத்துவமனைப் பக்கமே வராமல் போகும் ஆபத்தும் இதில் உண்டு.

கொடுமை செய்தவரே தந்தையாக இருந்தால்? அதற்கு அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு வழி சொல்கிறது. சிறுமியின் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், பெற்றோர் நியாயமின்றி மறுக்கும்போதும், அவர்களைக் கண்டறிய முடியாதபோதும், அவர்களே கொடுமை இழைத்ததாக நம்ப இடமிருக்கும்போதும், பாதுகாப்பு அதிகாரியே சிகிச்சைக்கு அனுமதி தரலாம். இந்த வழி இருப்பதை, ஒப்புதல் தாளை நீட்டும்போதே சிறுமியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.