எழுத்துருக்களின் காலம்: தனியொருவர் வளர்த்த தமிழ்க் கணிமை

தமிழ்மொழியின் வரலாற்றை எழுதப் புகுவோர் புலவர்களையும் புரவலர்களையும் பற்றி விரிவாக எழுதுவர். அச்செழுத்தை வார்த்தவர், தட்டச்சுப் பொறிக்கு விசை அமைத்தவர், கணினித் திரையில் எழுத்தைத் தோன்றச் செய்தவர் ஆகியோரைப் பற்றிய செய்திகளோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். ஆயினும், ஒரு மொழி புதிய காலத்துக்குள் நுழையும் வாயிலைத் திறந்துவிடுவோர் இத்தகைய கைவினைஞர்களே என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களுள்ளும் அரசின் ஆணையோ பெருநிறுவனத்தின் பொருளுதவியோ இன்றி, பகலெல்லாம் வேறு தொழில் பார்த்து, இரவில் தமிழுக்காகக் கணினியின்முன் அமர்ந்த தனிமனிதர்களின் வரலாறு தனித்து ஆராயத்தக்கது. அவ்வரலாற்றில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உரிய இடம் பெரிது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் நாம் அதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முன்னோடிகள்

1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய வடிவங்களை உலோகத்தில் வார்க்க வேண்டிய நிலை அன்று எழுந்தது. எந்த வடிவைக் கொள்வது, எதனை விடுவது என்று முடிவு செய்தவர்கள் ஒரு சிலரே. அச்சிலரின் முடிவே பின்னாளில் பலரும் பின்பற்றும் வழக்கமாயிற்று.

தட்டச்சுப் பொறியின் கதையும் இத்தகையதே. 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா அவர்கள் மலாயாவுக்கு வந்து, இங்கும் சிங்கப்பூரிலும் பணியாற்றியவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவது எங்ஙனம் என்ற வினாவோடு அவர் பல்லாண்டு போராடினார். புள்ளியையும் கொம்பையும் விசிறியையும் தனித்தனி விசைகளாக்கி, அவற்றுட் சிலவற்றை அழுத்தும்போது உருளை நகராதிருக்கும்படி அமைத்தமையால் வெற்றி கண்டார். மலாயா மண்ணில் அலுவலக வேலை பார்த்த ஒரு தமிழர் ஓய்வு நேரத்தில் சிந்தித்த சிந்தனையே பின்னாளில் ஆயிரக்கணக்கான தட்டச்சர்களின் விரல்களுக்கு வழியாயிற்று.

கருவிக்கு எழுத்து வேண்டும். பொருளுக்குச் சொல் வேண்டும். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதினார். 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினர். அவ்விதழ் நெடுநாள் நிலைக்கவில்லை. தமிழில் தொழில்நுட்பம் எழுதும் சிற்றிதழ்கள் பலவற்றுக்கும் நேர்ந்த முடிவே அது. எழுதுவோர் சிலர், படிப்போர் சிதறிக் கிடப்பவர், செலவோ ஒருவர் தலையில். இந்நிலை கணினிக் காலத்திலும் தொடர்ந்தது.

கணினியில் தமிழ்

நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில் தமிழ் வினாத்தாளை ஸ்டென்சில் தாளில் கையால் எழுதிப் படியெடுப்பதே வழக்கம். மலாய்மொழி ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தட்டச்சிட்ட தாள்களைக் கொண்டுவர, தமிழாசிரியர் மட்டும் விரலில் மையோடு நிற்பார். தமிழுக்கும் கணினிக்கும் இடையே இருந்த தொலைவினை அக்காட்சியே காட்டும்.

அத்தொலைவைக் குறைக்க முற்பட்டோர் அந்நாளிலேயே இருந்தனர். கனடாவில் சீனிவாசன் அவர்கள் 1980களில் 'ஆதமி' என்னும் தமிழ் எழுதியை உருவாக்கினார். அதே பத்தாண்டின் நடுப்பகுதியில் மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் 'முரசு' என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். இவர் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்தளித்த கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் மைந்தர். தந்தை கவிதைகளைத் திரட்ட, மைந்தர் அவற்றை ஏற்றும் எழுத்துகளைத் திரட்டினார் எனலாம். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 'மயிலை' எழுத்துருவை வடித்து இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரில் சிறுகதை எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அவர்கள் 'கணியன்' முறையை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் நான்மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது, தமிழும் தன் எழுத்திலேயே அங்கு இடம்பெற்றது அவரது முயற்சியால்தான். 'இணையம்' என்னும் அழகிய சொல்லைத் தந்தவரும் அவரே என்பர்.

இவர்களுள் எவரும் தமிழ்க் கணிமையைப் பிழைப்பாகக் கொண்டு தொடங்கியவர் அல்லர். கணினி வாங்கியது சொந்தப் பணத்தில். உழைத்தது சொந்த நேரத்தில்.

ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு

1990களின் பிற்பகுதியில், தமிழில் கணினி பற்றியோ வேறு நுட்பம் பற்றியோ தனியே ஒரு பக்கம் எழுதி இணையத்தில் வெளியிட விரும்பிய ஒருவரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். இம்பி பிளாசாவில் வாங்கிய கணினி, தொலைபேசி இணைப்பு வழியே 'ஜாரிங்' இணையச் சேவை, மனம் நிறைய ஆர்வம் ஆகியவை அவரிடம் உண்டு. ஆனால், முதல் வரியை எழுதுமுன் அவர் எத்தனை முடிவுகளை எடுக்க வேண்டியிருந்தது!

முதலாவது, எழுத்துரு. அக்காலக் கணினி முறையில் எழுத்துகளுக்கு உரிய இடங்கள் 256. அவற்றுள் முதற்பாதி உரோமன் எழுத்துகளுக்குப் போக, தமிழுக்கு எஞ்சியவை ஏறத்தாழ 128. உயிர், மெய், அகர உயிர்மெய், கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றோடு தனி வடிவம் கொண்ட உகர ஊகார வரிசைகளையும் அவ்விடங்களுக்குள் அடக்க வேண்டும். எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில் ஒவ்வோர் எழுத்துரு வல்லுநரும் தத்தம் வழியில் சென்றார். அதன் விளைவு யாது? ஓர் எழுத்துருவில் 'அ' இருந்த இடத்தில் மற்றொன்றில் 'ழ' இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திறந்தால் பொருளற்ற குறிகளே திரையை நிரப்பின.

இரண்டாவது, வாசகர். எழுதியவர் பயன்படுத்திய எழுத்துரு வாசகரின் கணினியிலும் இருத்தல் வேண்டும். ஆகவே ஒவ்வொரு தளத்தின் முகப்பிலும், எழுத்துருவை முதலில் இறக்கி நிறுவிக்கொள்க என்னும் வேண்டுகோள் இடம்பெற்றது. விருந்துக்கு அழைத்து, இலையையும் நீரே கொணர்க என்று கூறுவதை ஒத்தது அது. பத்துப் பேர் வந்தால் எத்தனை பேர் அத்தொல்லையைப் பொறுத்துக்கொள்வர்? பக்கத்தோடு தானே இறங்கும் இயங்கு எழுத்துருக்கள் பின்னர் வந்தன. ஆயினும், நெட்ஸ்கேப் உலாவிக்கு ஒரு வகையும் எக்ஸ்புளோரர் உலாவிக்கு வேறொரு வகையும் ஆக்கி வைக்க வேண்டியதாயிற்று. கட்டுரை எழுதச் செலவிட்ட நேரத்தினும் அதனைக் காணச் செய்யச் செலவிட்ட நேரமே மிகுதி.

மூன்றாவது, கலைச்சொல். கம்ப்யூட்டர் என்பதா, கணிப்பொறி என்பதா, கணினி என்பதா? முழுதும் தூய தமிழில் எழுதினால் புதிய வாசகர் திகைப்பார். ஆங்கிலச் சொல்லையே கையாண்டால் தமிழில் எழுதியதன் பயன் குன்றும். அகராதி வரும்வரை காத்திருக்கவும் இயலாது. கணினி, மென்பொருள், எழுத்துரு, உலாவி, மின்னஞ்சல் ஆகிய சொற்கள் இன்று நம் மாணவர் நாவில் இயல்பாய்ப் புழங்குகின்றன. தனிமனிதர் பலர் எழுதி எழுதிப் பார்த்து நிலைபெறச் செய்த சொற்கள் அவை.

நான்காவது, இடம். தனிப்பெயரில் தளம் வைத்தால் ஆண்டுதோறும் கட்டணம். இலவச இடம் தருவோரிடம் ஒண்டினால் விளம்பரமும் நிலையாமையும். பெரும்பாலோர் இலவசத்தையே நாடினர். அம்முடிவின் விலை பின்னரே தெரிந்தது.

இவையனைத்தையும் கடந்து எழுதி வெளியிட்டபின், மறுமொழி வருமா என்ற ஏக்கம் வேறு. பல வாரம் மௌனம். பின்னர் தொலைநாட்டிலிருந்து முகமறியாத ஒருவரின் மின்னஞ்சல். அது பெரும்பாலும் பாராட்டாக இராது. எழுத்துத் தெரியவில்லை, என் செய்வது என்ற வினாவாகவே இருக்கும்.

ஒன்றுபட்ட முயற்சி

தனிமனிதரின் உரிமையுணர்வே தமிழ்க் கணிமையை ஈன்றது; அதே உரிமையுணர்வே அதனைப் பல துண்டுகளாகவும் ஆக்கியது. இதனை உணர்ந்தோர் ஒன்றுகூட முற்பட்டனர். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை அவர்கள் நடத்திய மின்னஞ்சல் குழு, உலகெங்கும் சிதறியிருந்த தமிழரை ஓரவையில் அமர்த்தியது. 1997ஆம் ஆண்டு மே திங்களில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டு அரசு 'தாம்', 'தாப்' என்னும் குறியீடுகளையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. தன்னார்வலர்களோ மின்னஞ்சல் வழியே கலந்துரையாடித் 'தகுதரம்' என்னும் திஸ்கி குறியீட்டை வகுத்திருந்தனர். அவ்வாண்டு மே திங்களிலேயே நா. கோவிந்தசாமி அவர்கள் மறைந்தமை தமிழுலகம் எளிதில் ஈடுசெய்ய இயலாத இழப்பாகும். 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டில் மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. 1966ஆம் ஆண்டில் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திய நகரம், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தமிழின் புதிய கருவிக்கும் அவை தந்தது.

யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் பொதுமக்களின் கணினிகள் அதனைக் காட்டுவதற்குக் காலம் பிடித்தது. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியைத் தாங்கி வந்தது. ஒருங்குறியின் இட ஒதுக்கீடு தமிழுக்குப் போதாது, உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்று வாதிட்ட அறிஞரும் உளர். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது அவ்வாதத்தின் பயனே. நடைமுறையில் உலகம் ஒருங்குறியின் வழியே சென்றது. 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியீடு கண்ட 'செல்லினம்' கைப்பேசியிலும் தமிழைக் கொணர்ந்தது. முத்து நெடுமாறன் அவர்கள் வடித்த எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளிலும் இடம்பெற்றன. இரவு நேரத் தனிமுயற்சி உலகப் பெருநிறுவனத்தின் கருவிக்குள் குடிபுகுந்தது.

இழந்தவையும் காக்க வேண்டியவையும்

இவ்வரலாற்றை வெற்றி வரலாறாக மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் யாகூ நிறுவனம் 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவசத் தளச்சேவையை மூடியது. உலகில் எண்ணற்ற தனிமனிதர் எழுதி வைத்த பக்கங்கள் அதனோடு மூடப்பட்டன. தமிழ்ப் பக்கங்களும் அவற்றுள் அடங்கும். ஆர்வலர் சிலர் படியெடுத்து வைத்தவை போக எஞ்சியவை மறைந்தன. சேவை மூடப்படாவிடினும் பழைய எழுத்துருவில் எழுதியவை, அவ்வெழுத்துரு கிட்டாதவர்க்கு வெறுங்குறிகளே. ஓலைச்சுவடி செல்லரிக்க நூறாண்டுகள் ஆயின. கணினிச் சுவடிக்குப் பத்தாண்டுகளே போதுமானவையாயின. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் அவர்கள் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் காத்து வருகிறது. ஆனால், நம் காலத்தில் நம்மவர் எழுதிய எளிய உரைநடையைக் காப்பார் யார்?

இவ்வினா நம் பள்ளி வாயிலுக்கே வந்து நிற்கிறது. 1990களிலும் 2000ஆம் ஆண்டை ஒட்டியும் தமிழ்ப்பள்ளிகளில் தட்டச்சான ஆண்டு மலர்கள், பயிற்றுக் கட்டுரைகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள் முதலியன பழைய எழுத்துருக்களில் வட்டுகளிலும் கணினிகளிலும் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. வேண்டுவன பழைய கோப்பினைத் திறக்க ஒரு கணினி, எழுத்துருவின் பெயரை அறிந்த ஓர் ஆசிரியர், பொறுமையுள்ள இரண்டு மாணவர். அச்சுப் படி இருந்தால் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஒரு பள்ளி விடுமுறையில் ஒரு மலரையேனும் மீட்க இயலும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்கள் கைப்பேசியில் 'அம்மா' என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அச்சொல் சென்னையிலும் சூரிக்கிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் ஒன்றுபோலவே தோன்றுகிறது. முப்பதாண்டுகளுக்கு முன் அது கனவு. உங்களுக்கு இனி எழுத்துருத் தொல்லை இல்லை. மிதிவண்டியைப் பழுது பார்ப்பதோ, மீன்தொட்டிக்குக் காற்றுக்குழாய் அமைப்பதோ, கணினி நிரல் எழுதுவதோ, நீங்கள் அறிந்த நுட்பம் ஒன்றைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதன் படி ஒன்றைப் பள்ளி நூலகத்திலும் வையுங்கள். முன்னோர் இரவுகளைச் செலவிட்டுத் திறந்த வாயில் அது. உள்ளே செல்வோர் இன்றேல், திறந்ததன் பயன்தான் என்ன?