முகமூடியும் கொடியும்: ரோமான் போல்கோவின் பணிவாழ்வு குறித்த ஒரு மறுவாசிப்பு

போலந்தின் க்ரோம் சிறப்புப் படைக்கு 2000 முதல் 2004 வரையும் 2006இல் மீண்டும் தளபதியாக இருந்த ரோமான் போல்கோ, அதே 2006இல் தேசியப் பாதுகாப்புச் செயலகத்தின் துணைத் தலைவரானார். களத்தை விட்டு அரசியலுக்குள் புகுந்த திருப்பமாக இதைக் காண்பது ஆய்வாளர் வழக்கம். அப்பார்வைக்கு அடித்தளமான ஒரு சான்று பிழையாக வாசிக்கப்பட்டுள்ளது என்பது என் கருத்து.

அச்சான்று, இராக் போரின்போது 2003 மார்ச்சில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட, இராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் எடுக்கப்பட்ட புகைப்படம். க்ரோம் வீரர்கள் அமெரிக்கக் கடற்படையின் சீல் வீரர்களோடு, அமெரிக்கக் கொடியுடன் நிற்கிறார்கள். இதைப் படையின் கட்டுப்பாடு தளர்ந்ததற்கு அடையாளமாகக் கொண்டு, அந்தத் தளர்ச்சியைத் தளபதியின் கணக்கில் எழுதுகிறார்கள்.

படத்தையே கூர்ந்து பார்ப்போம். வீரர்கள் முகமூடி அணிந்திருக்கிறார்கள். மறைக்க வேண்டிய முகங்கள் மறைந்தே இருக்கின்றன. தனிமனிதர் எவரும் அம்பலப்படவில்லை. அம்பலமானது போலந்து அரசின் சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான தொலைவு. மார்ச் 17 அன்று அதிபர் குவாஷ்னியெவ்ஸ்கி இராக்குக்கு 200 வீரர்கள் வரை அனுப்ப ஆணையிட்டது ஊரறிந்த செய்தி. ஆனால் அரசின் விளக்கங்களில் 'துணைப் பணி' என்ற தொனியே ஓங்கியிருந்தது. க்ரோமின் போர்ப்பங்கை அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது படம் வந்த பிறகுதான். ஆகவே அதை வீரர்களின் ஒழுங்கீனத்துக்குச் சான்றாக அல்ல, ஆட்சியாளரின் மௌனத்துக்குச் சான்றாகவே கொள்ள வேண்டும். ஒரு படத்தைக் கொண்டு ஒரு பணிவாழ்வு முழுவதையும் விளக்கிவிட முடியாது என்பதை மறக்கவில்லை. எனினும் படையை அனுப்புவோர் யார், அதற்கு மக்களிடம் பதில் சொல்வோர் யார் என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக எழுப்பும் ஆவணம் வேறில்லை.

2006ஆம் ஆண்டின் மாற்றம் இந்த வெளிச்சத்தில் வேறாகத் தெரிகிறது. பாதுகாப்புச் செயலகத்துக்குப் படைகள் மீது கட்டளை அதிகாரம் இல்லை; ஆயுதப் படைகளின் உச்சத் தலைவரான அதிபருக்கு ஆலோசனை கூறுவதே அதன் பணி. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமைச்சரவையின் வேண்டுகோளின்பேரில் படைகளை வெளிநாட்டுப் போருக்கு அனுப்பும் ஆணையில் கையெழுத்திடுபவரும் அதிபரே. ஆணையை ஏற்று நடத்தும் இடத்திலிருந்து ஆணை பிறக்கும் இடத்துக்குப் போல்கோ நகர்ந்தார். இதைத் திருப்பம் என்பதைவிடத் தொடர்ச்சி என்பதே பொருந்தும். 2007இல் சிறப்புப் படைகள் தனிப் பிரிவாக்கப்பட்டதை அவர் ஒருவரின் சாதனையாகச் சொல்ல மாட்டேன்; ஆனால் யாருடைய கட்டளையின் கீழ் வருவது என க்ரோம் நெடுநாள் சுமந்த கேள்விக்கு அது ஒரு விடை.

போல்கோவுக்குக் கிடைத்த செயலகப் பதவி கட்சி அரசியலின் கொடை என்ற மறுப்பு உண்டு. அது நியமனத்தின் காலத்தை விளக்கும்; ஆள்தேர்வை விளக்காது. க்ரோமின் முதல் தளபதி பெதெலிட்ஸ்கியோடு அவரை ஒப்பிடுவதும் உதவாது: பெதெலிட்ஸ்கி உளவுத்துறையில் வளர்ந்தவர், போல்கோ வான்குடைப் படையில் வளர்ந்தவர்.

படத்திலுள்ள கொடி அமெரிக்காவினுடையது. அதன் அருகே நின்றவர்களை அனுப்பிய கையெழுத்து வார்சாவில் இடப்பட்டது. போல்கோவின் பணிவாழ்வை அந்தக் கையெழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவதே முறை.