அடைப்புக்குறியும் தமிழ்க் கணிதமும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலைநேர வகுப்புகளுக்குச் செல்லும் மாணவர்களுக்குப் பழக்கமான பின்னக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குவோம். இருபத்துநான்கை எட்டின் அரைப்பங்கால் வகுக்க வேண்டும். விடை ஆறு. ஆங்கிலத்தில் இக்கணக்கை எழுதும்போது அரை முன்னும் எட்டுப் பின்னும் வரும். விதியறியாத மாணவன் இடமிருந்து வலமாகச் சென்று 24ஐ அரையால் வகுத்து 48 பெற்று, அதனை எட்டாற் பெருக்கி 384 என்பான். அதனையே தமிழில் 24 ÷ 8 இன் ½ என எழுதினால் எட்டு முன்னே வந்துவிடுகின்றது. அதே விதியறியாத மாணவன் 24ஐ எட்டால் வகுத்து, வரும் மூன்றிற் பாதி எடுத்து, 1½ என்பான். தவறு ஒன்றே, தவறான விடைகள் இரண்டு. மொழியின் சொல்லொழுங்கு மாறியதால் விடை மாறியது. 24 ÷ (8 இன் ½) என ஓர் அடைப்பு இட்டால் இரண்டு தவறுகளும் ஒருங்கே ஒழியும்.

இச்சிறு உதாரணம் இரண்டு நிலைப்பாடுகளை மீள நோக்க நம்மைத் தூண்டுகின்றது. கணிதம் மொழிக்கு அப்பாற்பட்டது. எனவே எம்மொழியிற் கற்பித்தாலும் ஒன்றே என்பது ஒன்று. தமிழின் இயல்பு நவீன கணிதத்துக்கு ஒவ்வாது. எனவே ஆங்கிலத்திலேயே கற்க வேண்டும் என்பது மற்றையது. சுயமொழிக் கல்வி பற்றிய விவாதங்களில் இவ்விரண்டும் மாறி மாறி ஒலித்து வந்துள்ளன. இரண்டையும் ஏற்பதற்கில்லை என்பதே நம் கருத்து.

முதலில் அடைப்புக்குறியின் பிறப்பை நோக்குவோம். அது கணிதத்தோடு உடன்பிறந்த குறியன்று, மிகப் பிந்தியது. 1484இல் எழுதிய பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலா சூக்கே, ஒன்றாகக் கொள்ள வேண்டிய உறுப்புகளின் கீழே கோடிட்டார். இத்தாலியரான தார்த்தாலியா 1556இல் வெளியான நூலில் வளைந்த அடைப்பைக் கையாண்டார். பொம்பெல்லி 1572இல் நிமிர்ந்த ஒரு கோணத்தையும் அதன் தலைகீழ் வடிவத்தையும் திறப்பும் மூடலுமாக வைத்தார். 1608இல் கிளாவியசின் அட்சரகணித நூல் வளைந்த அடைப்பைப் பயன்படுத்தியது. ஆயினும் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது மேற்கோடே. 1646இல் வியேத்தாவின் ஆக்கங்களைப் பதிப்பித்த வான் ஸ்கூட்டன் உறுப்புகளின் தலைமேற் கோடிட்டே அவற்றைக் கட்டினார்.

மேற்கோட்டை அடைப்பு வென்றதற்குத் தருக்கக் காரணம் எதுவுமில்லை. கோடும் அடைப்பும் ஒரே வேலையையே செய்கின்றன. காரணம் அச்சுக்கூடத்தில் இருந்தது. ஈயவெழுத்துகளை வரிவரியாகக் கோக்கும் தொழிலாளிக்கு எழுத்தின் தலைமேற் கோடு வைப்பது தனி வேலை. வரியின் உயரம் மாறும், இடம் வீணாகும், செலவு கூடும். அடைப்போ மற்றோர் எழுத்துப்போல வரியினுள்ளேயே அடங்கும். லைப்னிட்ஸ் இதனை நன்குணர்ந்து அடைப்பை வற்புறுத்தினார். அவர் தொடர்பு கொண்டிருந்த லைப்சிக் நகர் ஆய்விதழ் 1708இல் அம்முறையைத் தன் பக்கங்களுக்கு ஏற்றுக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்னூயிகளும் ஒயிலரும் கையாள, அது பொதுவழக்காயிற்று. தூய சிந்தனையின் விளைவெனப் போற்றப்படும் கணிதக் குறியீடு, உற்பத்திக் கருவியின் தேவையால் வடிவம் பெற்றமைக்கு இதனினும் தெளிவான சான்று தேடுதல் அரிது.

இனி நம்மவர் பக்கம் வருவோம். ஏட்டுச்சுவடியில் அடைப்பும் இல்லை, மேற்கோடும் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியே பல சுவடிகளில் இல்லை. எனின், உறுப்புகளைச் சேர்த்துக் கட்டும் சிந்தனை இல்லையென்று கூறலாமா? தமிழ் எண்குறிகளை நோக்குக. ௩௱௪௰௫ என்பது 345. நூறு, பத்துக் குறிகளின் முன் நிற்கும் எண் அவற்றைப் பெருக்கும். பின் வருவது கூடும். கூட்டலுக்கு முன்னர்ப் பெருக்கல் என்ற விதி இங்கே குறியின் இட அமைவிலேயே உறைந்துள்ளது. ஆனால் ௫௰௨௲ என எழுதினால் அது ஐம்பத்தீராயிரம். இங்கு ஐம்பதும் இரண்டும் முதலிற் கூடிப் பின்னரே ஆயிரத்தாற் பெருக்கப்படும். இன்றைய முறையில் (5 × 10 + 2) × 1000 என அடைப்பிட்டே இதனைக் காட்ட முடியும். சிறிய குறியை அடுத்துப் பெரிய குறி வந்தால் முன்னதெல்லாம் ஒரு கட்டு என்பது கணக்கர் அறிந்த ஒழுங்கு. எழுதப்படாத அடைப்பு என இதனைக் கூறலாம்.

நூல்வழக்கிலும் இவ்வாறே. காரிநாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரம் பொன், நெல், நிலம், காலம் என்பவற்றின் அளவைகளைச் செய்யுளிற் கூறுவது. வட்டத்தின் பரப்பைக் காண, சுற்றளவிற் பாதியைக் குறுக்களவிற் பாதியாற் பெருக்கும் விதியும் அதிலுண்டு. இரு பாதிகளும் முதலில் எடுக்கப்பட வேண்டும். பெருக்கல் அதன் பின்னர். இவ்வொழுங்கை உணர்த்துவது குறியன்று, வேற்றுமையுருபும் வினையெச்சமும். ‘மூன்றும் ஐந்தும் கூட்டி, இரண்டாற் பெருக்கி, ஏழு கழிக்க’ என்ற தொடரில் ஐயத்துக்கு இடமேயில்லை. வினை இறுதியில் வருவதால், எவற்றின்மீது அது செயற்படும் என்பது முன்னரே தெரிந்துவிடுகின்றது.

போலந்து நாட்டுத் தருக்கவியலறிஞர் லுக்காசியேவிச் 1924இல் அடைப்பே வேண்டாத குறியீட்டு முறையொன்றை வகுத்தார். செயலின் குறியை எண்களுக்கு முன்னர் வைப்பது அது. அதனைத் தலைகீழாக்கி, எண்களை முன்னும் செயலைப் பின்னும் வைத்த முறை 1970களிற் சட்டைப்பைக் கணிப்பான்கள் சிலவற்றில் இடம்பெற்றது. அக்கருவியில் 3, 5, கூட்டு, 2, பெருக்கு என்றே அழுத்த வேண்டும். தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கும் அதுவே. ஆனால் இதனைக் கொண்டு, ‘கணிப்பானைத் தமிழன் அன்றே கண்டான்’ எனப் பெருமை பேசுவது நகைப்புக்கிடமானது. வினை இறுதியில் வரும் மொழிகள் உலகிற் பலவுள. மேலும் அவ்வாக்கிய முறைக்கு ஓர் எல்லையுண்டு. இரு தொகைகளைத் தனித்தனியே கூட்டி ஒன்றையொன்றாற் பெருக்க வேண்டின், முதல் தொகையைத் ‘தனியே வைத்து’, இரண்டாவதைக் கண்டு, பின் ‘அதனால் இதனை’ எனச் சுட்டுச்சொற்களை நாட வேண்டும். கட்டினுள் கட்டு, அதனுள் மற்றொன்று என வளர்ந்தால் சுட்டுச்சொற்கள் குழம்பிவிடும். அட்சரகணிதத்தின் நீண்ட கோவைகளைச் செவிவழியும் நினைவின்வழியும் கையாளுதல் கடினம். கண்ணாற் காணும் குறி அங்கே இன்றியமையாதது.

அக்குறிகள் அச்சோடு நம்மிடம் வந்தன. வட்டுக்கோட்டைச் செமினரியின் மரபில் வந்த கறல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் 1855இல் யாழ்ப்பாணத்தில் வெளியாயிற்று. ஆறுமுக நாவலர் தம் பதிப்புகளில் நிறுத்தக் குறிகளை வழக்குப்படுத்திய காலமும் அதுவே. உரைநடைக்கும் கணிதத்துக்கும் ஒரே தலைமுறையில் ஒரே ஈயவெழுத்துப் பெட்டியிலிருந்து குறிகள் கிடைத்தன எனலாம். எனினும் உயர்கணிதம் ஒரு நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே தங்கிற்று. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. சுந்தரலிங்கமும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அப்பதவியை வகித்த சி. ஜே. எலியேசரும் தமிழர்களாயினும் அவர்கள் விரிவுரை ஆங்கிலமே. எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. டிராக் 1939இல் கோண அடைப்பை நடுவிற் பிளந்து, அதன் ஆங்கிலப் பெயரையும் பிளந்து, இடப்பாதிக்குப் ‘பிரா’ எனவும் வலப்பாதிக்குக் ‘கெற்’ எனவும் பெயரிட்டார். குவாண்டம் இயக்கவியலில் அப்பாதிகள் ஒவ்வொன்றும் தனிப்பொருள் உடையன. சொல்லைப் பிளந்து விளையாடுதல் பெரும் பௌதிகவியலாளருக்கும் உவப்பானதே.

1945இல் இலவசக் கல்வியுடன் தாய்மொழிக் கல்வியும் தொடக்க வகுப்புகளிற் கால்கொண்டது. படிப்படியாக மேல்வகுப்புகளுக்கும் சென்றது; 1960இற் பேராதனைக் கலை வகுப்புகளை எட்டியது. 1972இன் சீர்திருத்தம் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம்வரை கணிதத்தை அனைவர்க்கும் பொதுவாக்கிற்று. தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் மீனவரின் பிள்ளையும் அட்சரகணிதம் கற்க வழிதிறந்தது தாய்மொழியாலேயே. ‘பிறக்கற்’ என்றதற்கு ‘அடைப்பு’ என்பது நல்ல சொல். வேலியடைத்தல் அறிந்த பிள்ளைக்கு அது விளக்கம் வேண்டாதது: உள்ளிருப்பவை ஒரு வளவு. அடைப்பின் முன் கழித்தற்குறி நின்றால், வேலியை நீக்கும்போது உள்ளிருக்கும் ஒவ்வோர் உறுப்பும் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அ − (ஆ − இ) என்பது அ − ஆ + இ ஆகும்.

சொல் தமிழாயிற்று, ஆனால் வாக்கியம் முழுமையாகத் தமிழாகவில்லை. செய்கை ஒழுங்கை மாணவர் இன்றும் ‘போட்மாஸ்’ என்ற ஆங்கில முதலெழுத்துக் கோவையாலேயே நினைவிற் கொள்கின்றனர். அதன் இரண்டாம் எழுத்து ஆங்கிலத்தில் இரு எண்களுக்கு இடையே நிற்கும் ஒரு முன்னிடைச்சொல். தமிழில் அது முதலெண்ணோடு ஒட்டிய ‘இன்’ உருபு. எண்களின் வரிசையும் புரண்டுவிடுகின்றது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து கொழும்புப் பாடசாலைகள் சிலவற்றில் கணிதம் ஆங்கிலத்திலும் கற்பிக்கப்படுவதால், வெள்ளவத்தையின் ஒரே வீட்டில் அக்கா ஒரு வரிசையிலும் தம்பி மற்றொரு வரிசையிலும் இக்கணக்கைப் படிக்கலாம். தமிழ்ப் பாடநூல்கள் ‘இன்’ வரும் ஒவ்வொரு தொடரையும் அடைப்பினுள் இட்டு எழுதுவதே தகும் என்பது நம் துணிபு. லைப்னிட்ஸ் காலத்து அச்சுக்கோப்பாளர்க்கே அது மலிவான குறியாக இருந்தது.