தெரிவுரிமையும் பாபத்தின் பலனும்: பாகூர்ச் செப்பேட்டை முன்னிட்டு யூத தத்துவத்தில் ஒரு விசாரணை

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய புதுச்சேரியின் தென்பாலுள்ள பாகூரில் விளங்கிய வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக அளிக்கப்பட்ட செய்தியையும், அத்தானத்தை அரசனிடம் விண்ணப்பித்துப் பெற்றவன் நிலைதாங்கி என்னும் சிற்றரசன் என்பதையும் பாகூர்ச் செப்பேடுகளால் அறிகிறோம். இத்தகைய தானசாசனங்களின் முடிவில் வழக்கமாக அமையும் ஓம்படைக்கிளவியை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். ஆயினும் அதனுள் ஒரு பெரிய தத்துவப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. அறத்தைக் காப்பவனுடைய அடியைத் தானமளித்தவன் தன் தலைமேற் கொள்வதாகவும், அழிப்பவனைக் கங்கைக்கும் குமரிக்கும் இடைப்பட்டோர் செய்த பாபமெல்லாம் சாருமென்றும் சொல்லும் அவ்வாசகம், இனிப் பிறக்கப்போகும் ஒருவனை நோக்கி வேண்டுகிறது. அவனையே அச்சுறுத்தவும் செய்கிறது. வேண்டுகோளும் அச்சமும் வேறு வழியிற் செல்ல வல்லவனுக்கே பொருந்தும். ஆற்று வெள்ளத்தை எவரும் சாசனம் எழுதித் தடுப்பதில்லை. ஆகவே மனித ஸ்வதந்திரம் ஓம்படைக்கிளவியின் சொல்லப்படாத பிரமாணமாக நிற்கிறது. அந்த ஸ்வதந்திரத்தைக் கொண்டு தீமை செய்தவனுடைய ஆன்மாவுக்கு யாது நேர்கிறது என்ற வினாவையே யூத ஞானிகள் நெடுங்காலம் ஆராய்ந்தனர்.

இவ்வொப்பீடு வலிந்து கொள்ளப்பட்டதன்று. பாகூர்ச் சாசனத்துக்கு ஏறக்குறைய ஒரு தலைமுறை முன்னர், 849-இல், வேணாட்டு ஐயனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில், சாட்சிகளாக நின்றோருள் சிலர் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டிருக்கின்றனர். அத்தானத்தைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1000-ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு 72 உரிமைகள் அளித்ததும் வட்டெழுத்துச் செப்பேட்டினாலேயே. ஆதலால் தானத்தைக் காப்பது, அழிப்பது என்ற அறநெறிக்குள் யூதரும் நம் நாட்டில் கையொப்பமிட்டு நின்றவர்களே.

ஸ்வதந்திரத்தின் எல்லை

ஜீவனையும் மரணத்தையும் முன்வைத்து ஜீவனைத் தெரிந்துகொள்ளுமாறு உபாகமத்தின் 30-ஆம் அதிகாரம் மனிதனைப் பணிக்கிறது. கருவில் உருவாகும் உயிர் வலியதா மெலியதா, அறிவுடையதா மூடமா, செல்வமுடையதா வறியதா என்பன முன்னரே விதிக்கப்படுகின்றன என்றும், அது நல்லதாகுமா தீயதாகுமா என்பது மட்டும் விதிக்கப்படுவதில்லை என்றும் ரப்பிகள் என்னும் யூத ஆசான்களின் விவாதத் தொகுப்பாகிய தால்முத் விளக்குகிறது. யூதத் தத்துவஞானி மைமோனிடிஸ் (1138–1204) தமது சட்டத்தொகுப்பாகிய ‘மிஷ்னே தோரா’வில் இக்கொள்கையை முடிந்த முடிபாக நிறுவினார். எவனும் மோசேயைப் போல நீதிமானாகவோ, யெரொபெயாமைப் போலத் துஷ்டனாகவோ ஆகலாம். குணம் பிறப்பிலேயே விதிக்கப்பட்டதாயின் கட்டளைகளுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் தண்டனைக்கும் நியாயமே இல்லை என்பது அவரது வாதம். ஓம்படைக்கிளவியினின்று நாம் மேலே வருவித்த நியாயமும் இதுவே.

ஆயின் இஸ்ரவேலரை விடுவிக்க மறுத்து வாதைகளுக்குள்ளான எகிப்திய மன்னன் பார்வோனின் கதை இக்கொள்கைக்குத் தடையாகத் தோன்றும். தேவனே அவனது இருதயத்தைக் கடினப்படுத்திவிட்டு, பின் அவனைத் தண்டிப்பது எங்ஙனம் தகும்? முதல் ஐந்து வாதைகளின்போது அவ்விருதயம் தானாகவே கடினப்பட்டதென்றும், ஆறாவதில்தான் கர்த்தர் அதைக் கடினப்படுத்தினாரென்றும் வேத நூல் கூறுவதை ரப்பிகள் நுணுகி நோக்கினர். பார்வோன் முதலில் தன் இச்சையாற் பாபம் செய்தான். பின்னர் மனந்திரும்பும் வழி அவனுக்கு அடைபட்டதே அவன் பெற்ற தண்டனை என்று மைமோனிடிஸ் முடிவு கூறினார். பாபம் நெஞ்சை மழுங்கச் செய்யும் என்றும், ஒரே குற்றத்தை மீண்டும் செய்தவனுக்கு அது அனுமதிக்கப்பட்ட செயலாகவே தோன்றத் தொடங்கும் என்றும் தால்முத் கூறுவதும் இதனோடு இசையும். இருபதாம் நூற்றாண்டில் ரப்பி டெஸ்லர் (1892–1953) இதை மேலும் தெளிவாக்கினார். கள்வரிடையே வளர்ந்தவனுக்குத் திருடுவதா வேண்டாமா என்பது போராட்டமாகவே இராது. அகப்படும் வேளையில் கொலை செய்வதா என்பதே அவனது தெரிவுக்குரிய இடம். அவ்விடம் ஒவ்வொரு செயலாலும் மேலேறும் அல்லது கீழிறங்கும்.

மறுமைத் தண்டனைகளையும் யூத நூல்கள் பேசுகின்றன. துஷ்டருக்குரிய கெஹின்னோம் என்னும் நரகம் பன்னிரண்டு மாதமே என்று தால்முதுக்கு மூலமாகிய மிஷ்னா அதற்கு வரம்பும் கட்டுகிறது. எனினும் தீமையின் முதற்பலன் இம்மையிலேயே, செய்தவனுடைய ஸ்வதந்திரம் சுருங்குவதிலேயே விளைகிறது என்பதுதான் இச்சித்தாந்தத்தின் சாரம் என்பேன்.

இரு ஆட்சேபங்கள்

எல்லாச் செயலும் காரணங்களாற் கட்டுண்டதே என்று யூதத் தத்துவஞானி ஹஸ்தாய் கிரெஸ்காஸ் 1410-இல் முடித்த தமது நூலில் வாதித்தார். கட்டளையும் அச்சமும் அக்காரணங்களில் அடங்குமாதலால் அவை பயனற்றவை அல்ல என்றும் அவர் கொண்டார். ஓம்படைக்கிளவியை எழுதுவது ஏன் பயனுடையது என்பதை இவ்வாதம் விளக்குகிறது. அதை மீறியவன் ஏன் நாணி வருந்தவேண்டும் என்பதை விளக்கும் வலிமை அதற்கு இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் நம் மரபினின்று எழுவது. வினைக்கொள்கையில் விதிக்கே முதன்மை, யூதரிடத்தில் இச்சைக்கே முதன்மை எனச் சிலர் எளிதாக வகுத்துவிடுவர். ஆனால் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் அருளால் வினை அறும் என்கிறது. உண்மையான வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. பிறர் செய்த பாபத்தையெல்லாம் ஒருவன்மேல் ஏற்றுகிறது ஓம்படைக்கிளவி; பாபஞ்செய்கிற ஆத்மாவே அதன் பலனை அனுபவிக்கும், மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று நிலைநாட்டுகிறது எசேக்கியேல் நூலின் 18-ஆம் அதிகாரம்.

பரிகாரம்

தேவனுக்கு எதிரான குற்றத்தைப் பாவநிவிர்த்தி நாள் போக்கும். அயலானுக்குச் செய்த குற்றத்தையோ, அவனைச் சாந்தப்படுத்தும்வரை அந்நாளும் போக்காது என்கிறது மிஷ்னா. அதே வாய்ப்பும் அதே வலிமையும் மீண்டும் வாய்க்கையில் விலகி நிற்பதே பூரணமான மனந்திரும்புதல் என்பது மைமோனிடிஸின் இலக்கணம். இழந்த ஸ்வதந்திரம் இழந்த அதே இடத்திலே மீட்கப்படவேண்டும் என்பது இதன் கருத்து. அங்ஙனமாயின், பலரிடம் கவர்ந்து, யாரிடம் கவர்ந்தோம் என்றே அறியாதவனுடைய கதி என்ன? ஆயர், வரிதண்டுவோர் ஆகியோரின் மனந்திரும்புதல் கடினம் என்றுரைத்த தால்முத், அறிந்தவர்க்குத் திருப்பித் தந்து, எஞ்சியதைப் பொதுத்தேவைக்குச் செலவிடுமாறு விதிக்கிறது. கிணறும் நீர்த்தொட்டியும் வெட்டுவதே அப்பொதுத்தேவை என்று தால்முத் ஆசான் ராவ் ஹிஸ்தா தெளிவுபடுத்தினார்.

பாகூர் ஏரியையும் ஊசுட்டேரியையும் நம்பிப் பயிர்செய்யும் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் மக்களுக்கு இவ்விதியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. கோயில் நிலம், கல்விச்சாலைக்கு விட்ட கிராமம், ஏரி, வாய்க்கால் ஆகிய பொதுச்சொத்தைக் கவர்பவன், பிறந்தோரும் பிறவாதோருமாகிய எண்ணிறந்தோருக்குக் கடன்படுகிறான். மன்னிப்புக் கேட்பதற்கு முகமே அற்ற கடன் அது. நம் சாசனங்கள் இக்குற்றத்தைச் செய்யாதிருக்க எச்சரித்தன. செய்தபின் மீளும் வழியை யூத ஞானிகள் சட்டமாக வகுத்தனர். எச்சரிக்கை மட்டும் நின்றால் குற்றவாளி நிராசையில் மேலும் கடினப்படுவான். மீளும் வழி மட்டும் நின்றால் அவன் அதை முன்கூட்டியே கணக்கிற் கொள்வான். பாபம் செய்துவிட்டுப் பின் மனந்திரும்பலாம் என்று எண்ணுபவனுக்கு அவ்வாய்ப்பு அருளப்படுவதில்லை என்று மிஷ்னாவும் இடித்துரைத்திருக்கிறது. எனவே அறநூல் ஆராய்ச்சியில் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் கற்பதே தகும். தனித்தனியே எடுத்தால் இரண்டும் குறையுடையனவே.